அடைத்த காற்றின் நாதம்

திருமலை நாயக்கர் மதுரையில் அரசு செலுத்திய 1623 முதல் 1659 வரையிலான காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூஜை நிறைவேறிய செய்தி தம் செவிக்கு எட்டிய பின்னரே அவர் போஜனத்துக்கு அமர்வார் என்றும், அதன்பொருட்டு அவ்வூரிலிருந்து மதுரை வரையில் வழிநெடுக மணி மண்டபங்களைக் கட்டுவித்து, ஒரு மண்டபத்தின் மணியோசையைக் கேட்ட மாத்திரத்தில் அடுத்த மண்டபத்துக் காவலன் தன் மணியை அடிக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார் என்றும் கர்ணபரம்பரையாக ஒரு செய்தி வழங்குகிறது. கட்டபொம்மனையும் திருச்செந்தூரையும் இணைத்தும் இதே கதை சொல்லப்படுவதால், சரித்திரமாக இதனை ஒப்புக்கொள்வதில் சற்று நிதானம் வேண்டியதுதான். ஆயினும், ஓசையைச் சரக்குப்போல ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதியதன்று என்பதற்கு அக்கதையே சாட்சி. இன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையில், பாட்டு இன்னதென்று புலப்படுவதற்கு முன்பே அதன் அதிர்வு மட்டும் நம் மார்பில் வந்து மோத, டிக்கியில் ஒரு மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு கடந்துபோகும் காரைக் காண்பவர்கள், அப்பெட்டிக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மணியோசை தூரம் போகும், நெஞ்சில் இறங்காது. நெஞ்சில் இறங்கும் கீழ்நாதத்துக்கு நம்மவர்கள் வேறு உபாயம் கண்டிருந்தார்கள். தென்பாண்டி நாட்டுக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, வில்லின் மணிகளும் உடுக்கையும் மேலே கலகலத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அமர்ந்த ஒருவர் பானையின் வாயைப் பத்தி என்னும் தட்டுக்கருவியால் அறைய அறைய, கதையின் பயங்கரமான கட்டங்களில் தரையே முனகுவதுபோன்ற ஒரு சப்தம் எழும். அது மண்ணின் சப்தமன்று. மண்ணுக்குள் அடைபட்ட காற்றின் சப்தம். வயிறு பெருத்து வாய் சிறுத்த பாத்திரத்தில் அடைபட்ட காற்று, வயிற்றின் கொள்ளளவுக்கும் வாயின் அகலத்துக்கும் ஏற்ற ஒரே ஸ்வரத்தில் அசையும் என்ற தத்துவத்தை, 1863-ல் வெளியான தம் நூலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சாஸ்திரமாக விளக்கினார். சூத்திரத்தை அறியாத குயவர், தட்டிப் பார்த்தே இன்ன பானை பாட்டுக்கு ஆகும், இன்னது சோற்றுக்கு ஆகும் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். பலா மரத்தைக் குடைந்து தவில் செய்கிறவரின் வித்தையும் ஏறக்குறைய இதே ஜாதியைச் சேர்ந்தது. தோலைப் பற்றிப் பேசுவோர் பலர். தோலுக்குப் பின்னுள்ள வெற்றிடத்தைப் பற்றி நினைப்பவர் சிலரே.

பிறகு, ஓசை மின்சாரத்தில் ஏறிச் செல்லும் காலம் வந்தது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் 1924-ல் தொடங்கிய மாகாண ரேடியோ கிளப் பணமின்றி ஓய்ந்து, 1930-ல் ஒலிபரப்புப் பணியை நகரசபை ஏற்று, 1938-ல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும் மறுவருஷம் திருச்சி நிலையமும் தோன்றிய வரலாறு பலரும் அறிந்தது. அதே காலத்தில் இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-ல் தோற்றுவித்த நூற்பாலை ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே பாபநாசம் நீர்மின் நிலையமும் 1944-ல் இயங்கத் தொடங்கிற்று. யந்திரமும் கம்பியும் விநோதப் பொருளாக இல்லாமற்போன இத்தகைய ஊர்களில், மைக்செட்டுக்காரர் என்ற புதிய தொழிலாளி ஒருவர் தோன்றியதில் ஆச்சரியமில்லை. டில்லியில் 1940-ல் ஏற்பட்ட அகுஜா கம்பெனியின் பெயர் நாளடைவில் தமிழ்நாட்டுக் கிராமங்கள்தோறும் ஒலிபெருக்கிக்கே பெயராகிவிட்டது. மூங்கில் கழியின் உச்சியிலும் வேப்பமரக் கிளையிலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால், கல்யாணமோ காதணி விழாவோ கோயில் கொடையோ, அடுத்த ஊருக்குத் தனியாக அழைப்பு வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குழாய் ஓர் அநியாயம் செய்தது. வாயகலம் சிறிதான குழாய், கீழ்நாதத்தைக் காற்றில் ஏற்றமாட்டாது. மேல் ஸ்வரங்களையே பிடித்து வீசும். நாயனக்காரரின் ஊதல் அதில் கூர்மையாகப் பாய்ந்து வர, தவிலின் வலந்தலை மட்டும் தகரத்தில் கல் விழுந்தாற்போலக் கேட்கும். இடந்தலையாகிய தொப்பியின் கும்காரம் பந்தலுக்குள்ளேயே நின்றுவிடும். இரண்டு தலைமுறைத் தமிழர் தவிலைப் பாதித் தவிலாகவே கேட்டு வளர்ந்தார்கள் என்று நான் சொன்னால் அது மிகையாகாது. பிற்காலத்தில் இந்தக் குழாய் ஒலிபெருக்கிகளுக்குச் சர்க்காரும் நீதிமன்றங்களும் கட்டுப்பாடு விதித்தபோது பலர் வருந்தினார்கள்; எனக்கு வருத்தமில்லை.

குழாயின் இடத்துக்கு வந்தது பெட்டி. 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரண்டு பொறியாளர்கள், காந்தத்தின் நடுவே நிற்கும் கம்பிச் சுருளால் ஒரு காகிதக் கூம்பை அசைக்கும் ஒலிபெருக்கியை உருவாக்கினார்கள். கீழ்நாதத்துக்கென்றே அமைந்த இன்றைய ஒலிபெருக்கிகளான ஊஃபர்களும் பெரும்பாலும் அதன் சந்ததியே. அக்கூம்பு முன்புறத்துக் காற்றை அமுக்கும் அதே கணத்தில் பின்புறத்துக் காற்றை இளக்குகிறது. விநாடிக்கு 50 முறை அதிரும் ஒரு கீழ்நாதத்தின் அலை 22 அடிக்கு மேல் நீளமுள்ளது. ஒரு சாண் அகலக் கூம்பின் விளிம்பைச் சுற்றி வருவது அதற்குப் பிரயாசையே அன்று. பின்னலை சுற்றிவந்து முன்னலையோடு சேர, இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. ஆதலால் பெட்டி அலங்காரத்துக்கு ஏற்பட்டதன்று. பின்னலையைச் சிறை வைப்பதற்கு ஏற்பட்டது. அச்சிறையில் ஒரு துவாரம் வைத்து, அதன் வழியே பின்னலையையும் உபயோகப்படுத்தும் யுக்தியை 1930-களின் தொடக்கத்தில் துராஸ் என்பவர் கண்டார். பானை வித்தை மறுபடியும் இங்கே வந்துவிட்டது. முற்றிலும் மூடிய சிறிய பெட்டியின் காற்றையே வில்லாக வைத்துக் கூம்பைத் தாங்கச் செய்யும் முறையை 1954-ல் வில்ச்சூர் கொண்டுவந்தார். 1961-ல் ஆஸ்திரேலியரான தீல் வகுத்த கணக்கும், அதனைப் பின்னர் விரித்த ஸ்மாலின் கணக்கும் சேர்ந்து, இன்ன ஊஃபருக்கு இன்ன கொள்ளளவு என்பதைக் காகிதத்திலேயே தீர்மானிக்க வழிசெய்தன.

காகிதத்தில் தீர்மானித்ததை மரத்தில் நிறைவேற்றுபவர் தச்சர். வீட்டில் அடிக்கும் கார்ப்பெட்டியின் மேன்மை ஊஃபரின் விலையில் இல்லை, தச்சரின் கையில் இருக்கிறது என்பதே என் துணிபு. 12 அங்குல ஊஃபர் ஒன்றுக்கு, உட்புறம் 18 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 10 அங்குல ஆழம் கொண்ட மூடிய பெட்டி அடித்தால், 2160 கன அங்குலம், அதாவது ஒன்றேகால் கன அடி கிடைக்கும். அந்த அகலமுள்ள பெரும்பாலான ஊஃபர்களுக்கு அது பழுதில்லாத அளவு. முக்கால் அங்குலப் பிளைவுட்டுக்குக் குறைந்த பலகையைத் தொடக்கூடாது. பலகை தானே அதிருமானால், நாம் கேட்பது பாட்டையன்று, பலகையை. மூட்டுகளில் பசை தடவி, நெருக்கமாகத் திருகாணி இறக்கி, உள்மூலைகள் யாவற்றையும் அடைத்து, எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே ஒரு குறுக்குக் கட்டையும் கொடுக்க வேண்டும். உள்ளே சிறிது பஞ்சு வைத்தால், பெட்டி தன் உண்மை அளவினும் சற்றுப் பெரிதாக நடந்துகொள்ளும். இராஜபாளையத்தில் பஞ்சுக்குப் பஞ்சமா என்ன! எல்லாம் முடிந்தபின் கூம்பை விரல்களால் மெல்ல அமுக்கி விடுங்கள். அது தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாமல் அமைந்திருக்கிறது. சட்டென்று துள்ளினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, தச்சரை மீண்டும் கூப்பிட வேண்டியதுதான்.

மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1930-ல். நம் நாட்டில் அம்பாசிடர் கார் ஓடத் தொடங்கிய பிறகும், ரேடியோ வைத்திருப்பவர் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டவேண்டியிருந்த காலம் நெடுநாள் நீடித்தது. காசெட் வந்தபின்பே கார் ஒரு சங்கீத ஸ்தலமாயிற்று. டிக்கியில் பெட்டி ஏறியது அதற்கும் பிற்பாடு. காருக்குள் கீழ்நாதம் எளிதில் பெருகுவதற்குக் காரணம், கார் தானே ஒரு பெட்டியாக இருப்பதுதான். அதன் நீளத்தைக் காட்டிலும் மிக நீண்ட அலைகள் உள்ளே அலையாக ஓடுவதில்லை. காரின் காற்று முழுவதையும் ஒருசேர அமுக்கி விடுகின்றன. கூடத்தில் மெலிந்து கேட்கும் ஊஃபர் காரில் கர்ஜிப்பது அதனால்தான். இதை அறியாமல் இரண்டு ஊஃபர், மூன்று ஊஃபர் என்று அடுக்குகிறவர்கள், கண்ணாடியும் நம்பர் பலகையும் நடுங்குவதையே சங்கீதம் என்று கொண்டாடுகிறார்கள். நாயக்கரின் மணியாவது ஒரு செய்தியைச் சுமந்து சென்றது.

துவாரப் பெட்டியா, மூடிய பெட்டியா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இது: துவாரப் பெட்டி அதிக ஓசை தரும், ஆனால் அடி ஓய்ந்த பின்னும் தன் வாலை நீட்டிக்கொண்டிருக்கும்; தவிலும் உறுமியும் கேட்கிறவர்களுக்கு மூடிய பெட்டியே உத்தமம். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இராஜபாளையத்திலோ பழைய மைக்செட்டுக்காரரையோ, அவருக்குப் பெட்டி அடித்துக் கொடுத்த தச்சரையோ அறிந்தவர்கள், அவர்கள் மனக்கணக்கில் வைத்திருக்கும் அளவுகளைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்களாக.