சிறகைப் பிடித்த ஒளி

பறவைகளின் ஒளிப்பட வரலாறு கூடுகளிலிருந்தே தொடங்கிற்று எனலாம். 1895இல் இங்கிலாந்தின் கேர்ட்டன் சகோதரர் வெளியிட்ட நூலின் பொருளே பறவைக் கூடுகள்தாம். வேகங்குறைந்த அக்காலத் தகடுகளுக்கு அசையாப் பொருள் வேண்டியிருந்தது.

ஹம்மிங் பறவையோ செக்கனுக்கு ஏறத்தாழ 50 தடவை சிறகடிப்பது. கமெராவின் மூடுதிரை ஒரு செக்கனின் 1,000இல் ஒரு பங்கு நேரமே திறந்தாலும் சிறகு கலங்கியே பதியும். 1930களில் அமெரிக்க மின்பொறியியலாளர் ஹரோல்ட் எட்ஜெர்ட்டன் மூடுதிரையை விரைவுபடுத்த முனைந்தாரல்லர். வாயுக்குழாயில் மின்னைப் பாய்ச்சி, செக்கனின் பல்லாயிரத்திலொரு பங்கே நிலைக்கும் ஒளியைப் பிறப்பித்தார். ஒளியே மூடுதிரையாயிற்று, இறகுகள் தனித்தனியே தெரிந்தன.

ஆயினும் தூரம் இருமடங்கானால் ஒளி நான்கிலொன்றாகும். பின்னின்ற செடிகொடிகளை அது எட்டாதபோது, பகலிற் பறக்கும் பறவை இருளில் மிதந்தது. கூர்மைக்குக் கொடுத்த இவ்விலை சிறிதன்று. பின்னணிக்கும் தனிவிளக்கு வைத்தபோதே அவ்விருள் அகன்றது.