கல்லச்சும் கலமும் கணினியும்

அச்சுப்பொறி வந்தது, கையெழுத்துக் கலை மடிந்தது என்று எழுத்தின் வரலாற்றை ஒரே வாக்கியத்திற் சுருக்கிவிடுவோர் பலர். கணினி வந்த பின்னர் அதே வாக்கியத்தை மறுபடியும் சொல்கின்றனர். நற்பிட்டிமுனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய எமது கல்முனைக் கரையோர ஊர்களிலே முஸ்லிம் மக்களிடையே புழங்கிய அறபுத் தமிழ்ப் புத்தகங்களோ வேறு கதை சொல்கின்றன.

அறபுத் தமிழ் தனியொரு மொழியன்று. அறபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். அறபு நெடுங்கணக்கிலே பகரம் இல்லை, ணகரமும் இல்லை. இதற்காக எம் முன்னோர் எவரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. ஃபே என்னும் எழுத்தின் கீழே ஒரு புள்ளியிட்டார்கள், பகரம் பிறந்தது. நூன் எழுத்தின் கீழே ஒரு புள்ளியிட்டார்கள், ணகரம் பிறந்தது. எகர ஒகரங்களுக்கும் தனிக் குறிகளை வகுத்துக்கொண்டார்கள். நாணற் கலமும் மையும் இருந்தால் போதும்; புதிய எழுத்துக்கு வேறு செலவில்லை.

இவ்வெழுத்தால் மிகுதியும் பயனடைந்தவர்கள் பெண்கள் என்பதை நாம் மறத்தலாகாது. பாடசாலை வாசலை மிதியாத பெண்ணும் சிறுவயதிலே குர்ஆன் ஓதப் பழகியிருந்தாள். அவ்வெழுத்திலேயே தமிழும் கிடைத்தபோது மார்க்க நூலையும் மாலைப் பாடல்களையும் பிறர் தயவின்றித் தானே வாசித்தாள். தமிழெழுத்து அறியாள் என்பதற்காக அவளை எழுத்தறிவற்றவள் என்று எண்ணுவது எண்ணுபவரின் அறியாமையேயாகும். 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து தமிழ்ப் பாடசாலை எல்லோர்க்கும் எட்டியபோது அறபுத் தமிழ் மெல்ல ஒதுங்கியது. அதற்காக நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. பேத்தி பல்கலைக்கழகம் செல்வதைக் கண்டு பாட்டி வருந்துவாளா? ஆனால் பாட்டியின் புத்தகத்தைப் பேத்தியால் வாசிக்க முடியாமற் போனது இழப்பே.

அந்தப் புத்தகங்கள் எப்படி அச்சாயின? ஈய எழுத்து இங்கே எளிதில் உதவவில்லை. அறபு எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை. சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் தனித்து நிற்கும்போதும் வடிவம் மாறுபவை. அத்தனைக்கும் அச்சு வார்ப்பதென்றாற் பெரும் முதல் வேண்டும். பின்னர் புள்ளி கூட்டிய எழுத்துகளுக்கும் தனியே வார்க்க வேண்டும். கைகொடுத்தது கல்லச்சு. 1790களின் பிற்பகுதியில் பவேரியாவிலே செனபெல்டர் என்பவர் தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியபோது கண்ட முறை அது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் சூத்திரம். எழுதுவோர் கொழுப்பு மையால் தாளில் எழுதுவர். அவ்வெழுத்து சுண்ணக் கல்லின்மேற் பதியும். கல்லை நனைத்தால் வெற்றிடம் நீரைப் பிடிக்கும், எழுத்து மையைப் பிடிக்கும். இவ்வாறு எழுதியவரின் கையே பல நூறு படிகளாகப் பெருகிற்று. கலத்தின் தடிப்பும் மெலிவும், வரிமுடிவில் இடம் போதாமல் நெருங்கிய சொல்லுங்கூட அப்படியே பதிந்தன. இலங்கையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் அறபுத் தமிழ் நூல்கள் கடலின் இரு கரையிலும் வாசிக்கப்பட்ட காலம் அது. இங்கே பொறி கையை விரட்டவில்லை. கைக்கு வேலை கொடுத்தது.

சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927 இல் தொடங்கப்பட்ட 'முஸல்மான்' என்னும் உருது நாளேடும் இதற்குச் சான்று. இந்த நூற்றாண்டிலும் அதன் நான்கு பக்கங்களைக் காத்திபுகள் கையாலேயே எழுதினர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். எழுதிய பக்கத்தைப் படமெடுத்துத் தகட்டிலேற்றி அச்சிட்டார்கள். கடைசி நேரச் செய்திக்கென முதற் பக்கத்தில் ஒரு மூலையை வெறுமையாக விட்டுவைக்கும் வழக்கமும் உண்டு.

பாகிஸ்தானில் நிகழ்ந்தது வேறு. அங்கே மிர்ஸா அஹ்மத் ஜமீல் என்ற கைவண்ணர் நஸ்தாலீக் எழுத்தின் ஏறத்தாழ 20,000 கூட்டெழுத்துகளைக் கையால் எழுதினார். மொனோடைப் நிறுவனத்தின் கணினிப் பொறியில் அவை ஏற்றப்பட்டன. 1981 இல் 'ஜங்' நாளேட்டின் லாகூர்ப் பதிப்பு அவ்வெழுத்தில் வெளிவந்தது. ஒரு மனிதரின் கைவண்ணம் நாடெங்கும் பரவிற்று. நாளேடுகளை எழுதி வயிறு வளர்த்த காத்திபுகளுக்கோ வேலை போயிற்று. அருங்கலை வாழ்ந்தது, அதைப் பேணியவர் தெருவில் நின்றனர் என்றால் அக்கலைக்குக் கிடைத்ததை முழு வெற்றி என்று நாம் எப்படிச் சொல்வது?

அறபுத் தமிழுக்கு வேறொரு தடை. கணினியில் ஓர் எழுத்து வாழ வேண்டுமாயின் அதற்கொரு குறியெண் வேண்டும். பாமினியில் தட்டெழுதிய வினாத்தாள் வேறொரு கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறந்த துன்பத்தை ஆசிரியர்கள் அறிவார்கள். 1991 இல் வெளிவந்த ஒருங்குறியிலேயே தமிழெழுத்துக்கு இடம் கிடைத்தது. ஆயின் அறபுத் தமிழின் கீழ்ப்புள்ளியிட்ட காஃபும், கீழே முப்புள்ளியிட்ட ஐனும் ஒருங்குறிக்குள் வந்தது 2015 இல், அதன் எட்டாம் பதிப்பிலேதான். ஒரு லெப்பை கலத்தைத் தொட்டு ஒரு கணத்தில் இட்ட புள்ளி, கணினியிற் புக இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது!

இன்று அத்தடை தளர்ந்துவிட்டது. அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் கோடிடும் மின்பேனாவால் திரையில் நேரே எழுதலாம். நாணற் கலத்தால் தாளில் எழுதியதைப் படமெடுத்து, அதன் விளிம்பை வளைகோடுகளாக மாற்றி எழுத்துருவாகவும் அமைக்கலாம். கல்லச்சுப் பக்கத்தின் மேல் மின்பேனாவை வைத்துப் பழைய கையின் போக்கைப் பின்பற்றிப் பயிலும் வாய்ப்பு முன்னெவர்க்கும் கிட்டாதது.

குறைவது மூலப் பக்கங்களே. கடற்காற்றின் ஈரமும் செல்லும் தின்றவை போக, 2004 டிசம்பர் 26 இல் இக்கரையை அழித்த கடற்கோள் வீடுகளோடு பெட்டிகளையும் ஏடுகளையும் கொண்டுபோயிற்று. எஞ்சிய தாள்களிலோ மை மங்கிவருகிறது. கீழ்ப்புள்ளி அழிந்தாற் பகரம் ஃபே ஆகிவிடும். ணகரம் நூனாகி நிற்கும். படமெடுக்கும் கருவிக்கு அழிந்த புள்ளி தெரியாது. எந்த இடத்தில் எந்தப் புள்ளி இருந்தது என்று கேட்டவுடன் சொல்லத்தக்கவர்கள், அப்பாடல்களைச் சிறுவயதில் ஓதி மனனஞ் செய்த மூதாட்டியர்.