படிக்காமல் விட்ட எழுத்துகள்

மைசூரின் இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஜாவா பயிலும் பட்டதாரிகள், அம்மொழியின் நிரல் நூலகத்திலுள்ள ஹேஷ் சார்பை ஆயத்தக் கருவியாகவே எடுத்தாள்கின்றனர். ஒரு பெயரிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண் சுட்டும் இடத்தில் தரவை வைப்பதும் தேடுவதுமே அதன் பணி. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இல் எழுதிய உள்குறிப்பிலேயே இக்கருத்து உண்டு.

அதே மைசூரின் அரசவை இசைவாணர்களுக்கு இத்தகைய கணிப்பு புதிதன்று. 72 மேளகர்த்தாக்களில் எதுவாயினும், பெயரின் முதலிரு எழுத்துகளைக் கடபயாதி முறையில் எண்ணாக்கித் திருப்பி வாசித்தால் வரிசை எண் கிடைக்கும். ‘மாயா’ என்பது 5, 1; எனவே மாயாமாளவகௌளை 15ஆம் மேளம். மேளங்களை வகுத்த வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டினர். கடபயாதிப் பெயர்கள் பின்னர் வந்தவை. சங்கராபரணத்தின் ‘சங்க’வும் 15ஐயே தரும். மோதலைத் தவிர்க்கச் சார்பை மாற்றவில்லை. ‘தீர’ என்னும் முன்னொட்டைச் சேர்த்துப் பெயரை மாற்றி 29 ஆக்கினர். (தமிழ் வரிவடிவில் மட்டும் இது நிலைகொள்ளாது. தகரம் 6, 7, 8, 9 ஆகிய நான்குக்கும் பொது என்பதால் ‘தீர’ 26 முதல் 29 வரை எதுவாகவும் ஆகலாம்.)

நூலகம் எழுதும் நிரலருக்கு அந்தச் சலுகை இல்லை. பெயர்கள் வெளியிலிருந்து வருபவை. தொடக்ககால ஜாவா, நீண்ட சரங்களில் இடைவிட்டுச் சில எழுத்துகளையே படித்தது. வேகம் கிடைத்தது; பெரும்பகுதி ஒன்றுபோலிருக்கும் இணைய முகவரிகள் ஒரே எண்ணில் குவிந்தன. 1998இல் வந்த 1.2 பதிப்பு எழுத்து அனைத்தையும் படித்து, படிக்குப் படி 31ஆல் பெருக்கியது. 32ஆல் பெருக்கி ஒருமுறை கழித்தால் 31 மடங்கு. கணினிக்கு அது மிக மலிவான வேலை.

அந்த எளிமையே தாக்குவோருக்கும் உதவிற்று. ஆங்கிலப் பெரிய ‘ஏ’யும் சிறிய ‘ஏ’யும் சேர்ந்த சரத்துக்கு 2112, இரண்டு பெரிய ‘பி’க்கும் அதுவே. இவ்விரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்தால் ஒரே எண் தரும் சரங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அத்தகைய சரங்கள் நிறைந்த ஒரே கோரிக்கையால் வழங்கியைத் திணறடிக்கலாம் என்பதை 2011 டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் கிளிங்க், வேல்டே ஆகிய இருவர் காட்டினர். ஓமாசோனும் பெர்ன்ஸ்டைனும் 2012இல் வெளியிட்ட சிப்ஹேஷ், இரகசியச் சாவியோடு கணிப்பது. பைத்தான் 2014இல் அதை ஏற்றது. ஜாவாவால் அது இயலவில்லை. 31இன் சூத்திரம் ஆவணத்தில் வாக்குறுதியாகவே அச்சாகிவிட்டது. ஆகவே 2014இன் ஜாவா 8, சார்பைத் தொடாமல், நெரிசலுற்ற இடங்களில் உள்ள பட்டியல்களை மட்டும் சமநிலை மரங்களாக மாற்றியது.