படகு மோட்டாரின் இழுகயிறும் அதன் வரலாறும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே நம் மாணாக்கரின் நினைவிற்கு வருகின்றன. கொட்டகையில் எண்ணெய் பிசுக்கோடு கிடக்கும் ஒரு பொறிக்கும் வரலாறு உண்டு என்பதை நானே சென்ற பள்ளி விடுமுறையில்தான் உணர்ந்தேன்.

பேராக் ஆறு கடலில் கலக்கும் பாகான் டத்தோவில் என் தாய்மாமா வாழ்கிறார். தென்னந்தோட்டத்தில் பணியாற்றிய காலத்தில் அவர் வாங்கிய 15 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் இன்றும் அவருடைய சம்பானில் இருக்கிறது. மலாய் மொழியில் இதனை 'எஞ்சின் சங்கூட்' என்பர். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுவதால் அப்பெயர். சிக்கிக்கொள்வதற்கும் அதே சொல்தான். அன்று இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தின.

மாமாவும் நானும் என் இளைய மகனும் மீன்பிடிக்கச் சென்றிருந்தோம். திரும்பும் வேளையில் மோட்டாரின் இழுகயிற்றை இழுத்தேன். பாதி வந்து நின்றுவிட்டது. உள்ளே திரும்பவும் மறுத்தது. நீர் வற்றத் தொடங்கியிருந்ததால் சம்பான் மெல்லக் கடலை நோக்கி நகர்ந்தது. நான் மேலும் பலங்கொண்டு இழுக்க முயன்றேன். "விடு தம்பி, அறுத்துப்புடாதே" என்றார் மாமா. முதலில் நங்கூரத்தை இறக்கினார். கியர் நடுநிலையில் உள்ளதா என்று பார்த்தார். மேல்மூடியைக் கழற்றி, இழுகயிற்றுக் கூட்டைப் பிடித்திருந்த மூன்று திருகாணிகளையும் கழற்றினார். பழைய பிஸ்கட் தகரத்திலிருந்து, ஒரு முனையில் முடிச்சும் மறு முனையில் மரக்கட்டையும் கொண்ட கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்தார். கூட்டின் கீழே மறைந்திருந்த சக்கரத்தின் வெட்டில் முடிச்சைச் செருகி, வலப்புறமாகச் சுற்றி ஒரே இழுப்பு. இரண்டாம் முறையில் மோட்டார் உறுமியது.

அந்தக் கயிற்றுத் துண்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குப்பையில் போடலாமே என்றும் ஒருமுறை கூறியிருக்கிறேன்!

வீடு திரும்பிய பின்னரே இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவுட்போர்டு மோட்டாரின் கதையை நூல்கள் பெரும்பாலும் ஐஸ்கிரீமில் தொடங்குகின்றன. 1877இல் நார்வேயில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவில் குடியேறியவர் ஓலே எவின்ரூட். 1906ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் ஒகாச்சி ஏரியில், தம் காதலி பெஸ் விரும்பிய ஐஸ்கிரீமுக்காக அவர் நெடுந்தூரம் துடுப்பு வலித்தார். வந்து சேர்வதற்குள் அது உருகிவிட்டது. அந்த ஏமாற்றத்தில் மோட்டார் பிறந்தது என்பது கதை. சுவையான கதைதான். ஆயினும் கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1907லேயே இத்தகைய மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எவின்ரூட்டின் மோட்டார் விற்பனைக்கு வந்தது 1909இல்: ஒன்றரைக் குதிரைத்திறன், ஏறக்குறைய 28 கிலோ எடை. பின்னர் அவர் மனைவியான பெஸ் கணக்குகளைக் கவனித்தார். துடுப்பைத் தூக்கி எறியுமாறு மக்களை அழைத்த விளம்பரமும் அவர் எழுதியதே. பாடம் நடத்தும்போது ஐஸ்கிரீம் கேட்ட பெண்ணாக மட்டும் அவரை நிறுத்திவிடுவது நியாயமன்று என்பது என் கருத்து.

நான் தேடியது இழுகயிற்றை. தொடக்ககால மோட்டார்களில் அது இல்லை. ஃபிளைவீல் எனப்படும் கனத்த சக்கரத்தின் மேல் ஒரு குமிழ்ப்பிடி நின்றது. அதனைக் கையால் பற்றிச் சுழற்ற வேண்டும். இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் அதே பிடி சக்கரத்தோடு சுழன்று, கையை எடுக்கத் தாமதித்தவரின் விரல் முட்டிகளைப் பதம் பார்க்கும். எத்தனை பேர் அடிபட்டிருப்பார்களோ! அடுத்து வந்தது தனிக்கயிறு. முடிச்சைச் செருகு, சுற்று, இழு. கயிறு கையோடு வந்துவிடும். இயங்காவிட்டால் மீண்டும் சுற்று. கயிற்றைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் சுருள்வில் அமைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில்தான் பரவலாயிற்று. பிரிட்டிஷ் சீகல் போன்ற சில மோட்டார்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் தனிக்கயிற்றையே நம்பியிருந்தன.

புதியது வந்தபோது பழையது அழிக்கப்படவில்லை என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. நம் மோட்டாரின் மூன்று திருகாணிகளைக் கழற்றினால், தாத்தா காலத்து வெட்டு அப்படியே காத்திருக்கிறது. எவின்ரூட் பெயரில் மோட்டார் தயாரிப்பது 2020இல் நின்றுபோனது. அந்த வெட்டு நிற்கவில்லை.

இனி, பழுது பார்த்த கதை. கடையில் கேட்டபோது, "பழைய மோட்டார், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார்கள். மாமா முகம் வாடிவிட்டது. ஆதலால் நாங்களே முயன்றோம். முதலில் ஸ்பார்க் பிளக்கின் கம்பியை உருவிவிட்டோம். தவறிக்கூட மோட்டார் இயங்கிவிடக் கூடாதல்லவா? கழற்றிய கூட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், காரணம் எளிது. பழைய கிரீஸும் கடலுப்பும் சேர்ந்து பிசினாக இறுகியிருந்தன. கயிற்றை இழுக்கும்போது வெளியே நீண்டு சக்கரத்தைக் கவ்வ வேண்டிய கொக்கி, மடங்கவும் இயலாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கயிறும் நைந்து, அதன் இழைகள் கப்பியின் ஓரத்தில் சிக்கியிருந்தன. கப்பியைப் பிடித்துக்கொண்டு சுருள்வில்லின் இறுக்கத்தை மெல்ல மெல்லத் தளர்த்தினோம். வில்லை மட்டும் அதன் இருப்பிடத்திலிருந்து எடுக்கவில்லை. தெறித்து வெளியே வந்தால் கண்ணுக்கே ஆபத்து. பிள்ளைகள் அருகில் இருந்தால் கண்ணாடியும் கையுறையும் இன்றி இவ்வேலையைத் தொட வேண்டா. மண்ணெண்ணெயால் கழுவி, சிறிதளவே புதிய கிரீஸ் தடவி, அதே பருமனுள்ள நைலான் கயிற்றைக் கட்டினோம். வில்லுக்குச் சில சுற்று இறுக்கம் கொடுத்து மாட்டியதும், கயிறு வழுக்கிக்கொண்டு உள்ளே சென்றது.

மாமா அதோடு விடவில்லை. கூட்டை மறுபடியும் கழற்றச் சொன்னார். பிஸ்கட் தகரத்துக் கயிற்றை என் மகன் கையில் கொடுத்து, "நீ சுற்று அய்யா, பார்ப்போம்" என்றார். அவன் முடிச்சைச் சரியாகத்தான் செருகினான். ஆனால் இடப்புறமாகச் சுற்றினான்.