இணையவழிக் கருத்துக்கேட்பும் மொழித் தேர்வும்

முன்னுரை

சட்டமோ கொள்கையோ வகுக்குமுன் அரசு மக்கள் கருத்தை அறிய முற்படுவது புதிதன்று. எனினும் அக்கருத்தை இணையத்தின்வழிப் பெருந்திரளாகத் திரட்டும் வழக்கம் இந்தியாவில் 2014ஆம் ஆண்டை ஒட்டியே வலுப்பெற்றது. இதனைத் தொழில்நுட்ப வளர்ச்சியாக மட்டும் காண்பது பெருவழக்கு. ஆனால் வரைவு வெளியாகும் மொழியே, கருத்துக் கூறத்தக்க ‘பொதுமக்கள்’ யார் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1. நேர்முகக் கேட்பு

2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, திட்டம் அமையவிருக்கும் இடத்திலோ அதன் அருகிலோ கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பெற வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தில் மட்டுமன்றி, மாநில ஆட்சிமொழியிலோ வட்டார மொழியிலோ கிடைக்க வேண்டும். கூட்ட இறுதியில், பதிவான கருத்துகளின் தொகுப்பை மக்களுக்கு வட்டார மொழியில் விளக்கிப் படித்துக்காட்ட வேண்டும். தாம் கூறியது சரிவரப் பதிவாயிற்றா என்பதைக் கூறியவரே சரிபார்க்க இது வழிவகுத்தது. இவ்விதி எங்கும் முழுமையாகப் பின்பற்றப்பட்டது என்பதற்கில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பு, கேட்பு முறையின் உறுப்பாகவே கருதப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

2. இணையவழிக் கேட்பு

2014 பிப்ரவரியில் நடுவணரசு சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கையை வெளியிட்டது. வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கவும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பு இணைக்கவும் அது பணித்தது. அதே ஆண்டு ஜூலையில் ‘மைகவ்’ தளம் தொடங்கப்பட்டது. இங்கு ‘எளிய மொழி’ என்பது நடையைக் குறிப்பதாகும். ஆங்கிலம் அறியாதவருக்கு எளிய ஆங்கிலமும் ஆங்கிலமே.

இம்முறையின் ஆற்றலை 2015ஆம் ஆண்டின் இணையச் சமநிலை விவாதம் காட்டிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான தரவுக் கட்டணங்களை ஆணையம் தடைசெய்தது. அம்மடல்களுள் பல ஆங்கிலத்தில் முன்னரே எழுதிவைக்கப்பட்ட வாசகங்களை அனுப்பியவை. நேர்முகக் கேட்பில் பேசுவோரே சொற்களைத் தேர்ந்தனர். இங்கு ஒப்புதல் மட்டுமே அனுப்புவோருடையதாயிற்று.

3. 2020ஆம் ஆண்டு வரைவு

புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு 2020 ஏப்ரல் 11 அன்று, பெருந்தொற்று ஊரடங்கின்போது, அரசிதழில் வெளியாயிற்று. கருத்துக்கேட்பு அறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கவும், சில வகைத் திட்டங்களுக்குக் கேட்பிலிருந்தே விலக்களிக்கவும் அது முனைந்தது. ஊராருக்குத் தம் மொழியில் பேசக் கிடைத்த வாய்ப்பைக் குறைக்கும் அவ்வரைவு, அவர்கள் மொழியில் அவர்களை எட்டவில்லை. சமூக ஊடகங்களில் தன்னார்வலர் ஆக்கிய மொழிபெயர்ப்புகளும் சுருக்கங்களும் அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின.

2020 ஜூன் 30 அன்று தில்லி உயர்நீதிமன்றம், எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வரைவைப் பத்து நாளில் பெயர்த்து வெளியிடப் பணித்து, காலவரம்பை ஆகஸ்டு 11 வரை நீட்டித்தது. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பது அரசின் வாதம். உச்சநீதிமன்றம் ஆகஸ்டு 13 அன்று, மறுஆய்வு கோரி உயர்நீதிமன்றத்தையே அணுக அரசுக்கு வாய்ப்பளித்தது. அச்சட்டத்தைத் திருத்துவது பற்றி எண்ணிப் பார்க்கவும் கூறியது.

4. மொழிபெயர்ப்பாளர் பணி

மொழிபெயர்ப்புக் கிடைத்தால் மட்டும் சிக்கல் தீர்வதில்லை. பணியைத் தொடங்கிவிட்ட திட்டங்களுக்குப் பின்னர் இசைவு வழங்கும் ஏற்பாட்டைப் ‘பின்னனுமதி’ எனப் பெயர்த்தால் அது காலந்தாழ்ந்த அனுமதியாகத் தோன்றும். ‘பின்னேற்பு’ எனின் நடந்து முடிந்த மீறலை ஏற்பதாகப் பொருள்படும். சொல் மாறினால் எதிர்வினையும் மாறும்.

மறுதிசையும் கருதத்தக்கது. தமிழிலோ சந்தாலியிலோ எழுதப்பட்ட கருத்தைத் தில்லியில் யார் படிப்பார்? 2022இல் தொடங்கப்பட்ட ‘பாஷிணி’ போன்ற பொறிமொழிபெயர்ப்புத் திட்டங்கள் இதற்கு உதவலாம். ஆயினும், பெயர்த்த கருத்தைக் கூறியவருக்கே படித்துக்காட்டும் 2006ஆம் ஆண்டு விதியின் இடத்தை எப்பொறியும் தானே நிரப்பாது. இணையவழிக் கேட்பில் அவ்விதிக்கு நிகரானதொரு நடைமுறையை வகுப்பதே மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.