பாயான் லெப்பாஸிலிருந்து தமிழ்நாடு: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

பினாங்கு, பாயான் லெப்பாஸ் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 2,365 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் போனால் ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். இண்டிகோ நிறுவனம் 2024 டிசம்பர் 21-ஆம் தேதி இந்த வழித்தடத்தில் நேரடிச் சேவையைத் தொடங்கியது.

கோலாலம்பூர் வழியாகச் சென்றால் முதலில் 325 கிலோமீட்டர் தெற்கே போய், அங்கிருந்து சென்னைக்கு 2,630 கிலோமீட்டர் பறக்க வேண்டும். தூரம் 590 கிலோமீட்டர் கூடுகிறது. பறக்கும் நேரம் 5 மணியைத் தொடும். விமானம் மாறக் காத்திருக்கும் நேரம் தனி.

ஆனால், எல்லாருக்கும் ஊர் சென்னை அல்ல. நம் தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம். சென்னையில் இறங்கினால் திருச்சிக்குச் சாலை வழியே இன்னும் 330 கிலோமீட்டர், சுமார் 6 மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் உள்ளன. தூரம் 2,690 கிலோமீட்டர். அதுவும் ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம்தான். கோலாலம்பூரில் 3 மணி நேரம் காத்திருந்தாலும் மொத்தம் 8 மணி நேரத்தில் திருச்சியில் இருக்கலாம். சென்னை வழியில் 10 மணி நேரம் ஆகிவிடும். எனவே விமான நிலையம் வரை மட்டும் கணக்கிடாமல், வீட்டு வாசல் வரை கணக்கிட வேண்டும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியுள்ளது. காலை 9.30-க்குப் பினாங்கில் புறப்பட்டு 4 மணி நேரம் பறந்தால், சென்னையில் அப்போது காலை 11 மணி. திரும்பும்போது அதிகாலை 2 மணிக்குச் சென்னையில் ஏறினால், இங்கே இறங்கும்போது காலை 8.30. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்தள்ளப்பட்டது. அதற்கு முன் வித்தியாசம் 2 மணி நேரம்தான். பெரியவர்கள் சிலர் இன்றும் அந்தக் கணக்கையே சொல்வதுண்டு.

இந்தக் கணக்கு அதிகம் தேவைப்படுவது துக்கச் செய்தி வரும்போதுதான். "நீங்கள் வரும்வரை வைத்திருக்கலாமா, எத்தனை மணிக்கு எடுப்பது?" என்று ஊரிலிருந்து கேட்பார்கள். பதிலை இந்திய நேரத்தில், வீடு சேரும் நேரமாகவே சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் விசா. இந்திய மின்விசாவுக்குக் குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஊரில் வயதான பெற்றோரோ நெருங்கிய உறவினரோ இருந்தால், கடப்பிதழையும் விசாவையும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அவை கையில் இல்லாவிட்டால், 4 மணி நேரத் தூரம் 4 நாள் தூரமாகிவிடும்.

விமான அட்டவணை பருவத்திற்குப் பருவம் மாறும். புறப்படும் நேரத்தை விமான நிறுவனத்திடம் உறுதிசெய்த பிறகே ஊருக்குத் தகவல் சொல்லுங்கள்.