கயிறு இடம் மாறிய கதை

அலைமேல் பலகை ஏறி விளையாடியவர்களுக்கு, அந்தப் பலகையைத் தம்மோடு கட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வெகுகாலம் தோன்றவில்லை. அலை கவிழ்த்தால் பலகை கரைக்குப் போகும். ஆள் பின்னாலேயே நீந்திப் போய் எடுத்துக்கொள்வார். நீந்த முடியாதவருக்கு அங்கே இடமில்லை என்பது எழுதப்படாத விதி. 1930-களில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் தன் இடுப்புப் பட்டைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பருத்திக் கயிற்றைக் கட்டிப் பார்த்தார். பலகையை உள்ளே குடைந்து எடையைக் குறைத்தவர், அடியில் துடுப்பு வைத்து அதன் போக்கைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர் என்று சர்ஃபிங் வரலாற்றில் அவர் பெயர் பெரிது. கயிறு மட்டும் கைகூடவில்லை. ஆபத்து அதிகம் என்று விட்டுவிட்டார்.

கயிறு மறுபடி பிறந்தது 1971-இல், கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில். அங்கே ஸ்டீமர் லேன் என்ற இடத்தில் கடலை ஒட்டிச் செங்குத்துப் பாறைகள் நிற்கின்றன. கைவிட்டுப் போன பலகை பாறையில் மோதி நொறுங்கும். நீர்ச்சறுக்கு உடைகளுக்குப் பேர்போன ஜாக் ஓ'நீலின் மகன் பேட் ஓ'நீல், மருத்துவமனைகளில் பயன்படும் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையை உறிஞ்சுகிண்ணத்தால் பலகையில் ஒட்டினார். மறுமுனையைத் தன்னோடு கட்டிக்கொண்டார். அந்த ஆண்டு மாலிபுவில் நடந்த பன்னாட்டுப் போட்டிக்கு அதோடு போனவரைப் போட்டியிலிருந்தே விலக்கினார்கள். கற்றுக்குட்டிகளுக்கான கயிறு என்று மூத்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. பலகை உடையாமல் இருந்தால் காசு மிச்சம். நீந்தும் நேரம் மிச்சமானால் இன்னும் நாலு அலை ஏறலாம். ஓரிரு ஆண்டுகளில் எல்லாக் கடற்கரைகளிலும் கயிறு வந்துவிட்டது.

வந்த வேகத்தில் ஒரு கண்ணையும் பறித்தது. ரப்பர் குழாய் இழுத்தால் நீளும். விட்டால் இழுத்த வேகம் முழுவதையும் திருப்பிக் கொடுக்கும். சான்டா குரூஸ் அலையில் ஜாக் ஓ'நீலின் பலகையைக் கயிறு அப்படித்தான் திருப்பி அனுப்பியது. இடது கண் போயிற்று. பிறகு அவர் அணிந்த கறுப்புக் கண்பட்டையும் தாடியும் அவருடைய நிறுவனத்தின் முகமாகவே ஆகிவிட்டன. மகன் செய்த கயிற்றின் முதல் பெரிய விலையைத் தந்தை கொடுத்தார் என்பது சர்ஃபிங் உலகம் மறக்காத செய்தி.

அதன்பின் கயிறு திருந்தியது. அதிகம் நீளாத யூரிதேன் இழை வந்தது. கட்டும் இடம் பலகையின் முன்முனையிலிருந்து வால்பக்கத்துக்கும், மனிதனின் கணுக்காலுக்கும் போனது. சர்ஃபிங்கில் இந்த ஏற்பாடு இன்றுவரை நிலைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே இழுப்பது அலை; இழுபடுவது பலகை. பாதி உடலைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும் மனிதன்தான் நங்கூரம். அலை கடந்து போக எடுப்பது சில நொடிகள். கடந்ததும் கயிறு தளர்ந்துவிடும்.

பாய் கட்டிய பலகையான விண்ட்சர்ஃபிங்கில் இந்தக் கயிற்றுக்கு வேலையே இருக்கவில்லை. பாய்மரம் பலகையோடு ஒரு மூட்டில் இணைந்திருக்கிறது. ஆள் விழுந்தால் பாயும் தண்ணீரில் விழும். விழுந்த பாய் பலகையை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். காற்றின் விசை அந்த நொடியே அறுந்துபோகிறது.

இந்த இரண்டு விளையாட்டுகளையும் பழகியவர்கள்தான் பட்டத்தையும் கையில் எடுத்தார்கள். பிரான்சின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெய்னூ சகோதரர்கள், காற்றடைத்த குழாய்களைச் சட்டமாகக் கொண்ட பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரினார்கள். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும், மறுபடி எழும்பும் என்பதே அதன் சிறப்பு. அமெரிக்காவின் வடமேற்கில் பில் ரோஸ்லரும் அவர் மகன் கோரியும் பட்டத்தால் இழுபடும் நீர்ச்சறுக்குக் கருவியைச் செய்தார்கள். 1990-களின் நடுவில் ஹவாயின் மாவி தீவில் அலைச்சறுக்கு வீரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள். 1997-இல் லெகெய்னூ சகோதரர்களின் பட்டம் விப்பிக்கா என்ற பெயரில் கடைக்கு வந்தது. இப்படிப் பிறந்த கைட்போர்டிங் பரவத் தொடங்கிய நாட்களில் பலர் பழைய பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்: பலகையைக் கயிற்றால் கட்டிக்கொள்வது.

கட்டியதற்கு நியாயம் இருந்தது. அன்றைய இரண்டு இழைப் பட்டங்களில் காற்றின் பிடியைப் பெரிதாகக் குறைக்க வழியில்லை. பலகை நழுவினால் பட்டம் ஆளை இழுத்துக்கொண்டே போகும். பலகை பின்னால் சிறுத்து மறையும். கயிறு இருந்தால் பலகையும் கூட வரும் என்று நினைத்தார்கள். கூடவே வந்தது. எந்த வேகத்தில் வரும் என்பதுதான் பிரச்சினையானது.

இங்கே ஆள் விழுந்தாலும் பட்டம் விழுவதில்லை. இருபது மீட்டருக்கும் மேலான இழைகளின் முனையில், இடுப்புப் பட்டையில் கொக்கியிட்ட மனிதனை அது இழுத்துக்கொண்டே இருக்கும். அவன் காலிலிருந்து கழன்ற பலகை, விளிம்போ துடுப்போ தண்ணீரில் ஊன்றி நிற்கும். நடுவில் கயிறு இறுகி நீளும். ஒரு சிற்றலை பலகையைத் தூக்கிவிட்டால் போதும்: தண்ணீரின் பிடி விட்டுப்போகும், இறுகிய கயிறு உண்டிவில்லாகும், பலகை கல்லாகும். குறி, கயிறு கட்டியிருக்கும் ஆள்தான். சர்ஃபிங்கில் நங்கூரமாக இருந்த மனிதன் இங்கே இழுபடுபவன்; இழுபட்ட பலகை இங்கே நங்கூரம். கயிறு அதேதான், இரண்டு முனைகளின் வேலையும் தலைகீழாகிவிட்டது.

குதிப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பட்டம் மனிதனைப் பல மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் விளையாட்டு இது. உயரத்தில் பலகை கழன்றால், கயிறு இல்லாதபோது அது எங்கோ தண்ணீரில் விழும். கயிறு இருந்தால், உருண்டு புரண்டு இறங்கும் ஆளைச் சுற்றி அதுவும் சுழன்றுகொண்டே இறங்கும்.

இதற்கு மருந்தாக வந்தது சுருள்கயிறு. இடுப்புப் பட்டையின் முதுகுப்பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. அதற்குள் ஸ்பிரிங்கில் சுற்றிய மெல்லிய கயிறு. பலகை விலகினால் கயிறு ஓடி வெளியே வரும், நெருங்கினால் தானே உள்ளே சுருளும். ரப்பர் போல இறுகி வெடிக்காது என்று நம்பினார்கள். மணலும் உப்பும் புகுந்து கயிறு சிக்கினாலோ, கடைசிச் சுற்றுவரை ஓடித் தீர்ந்தாலோ பழைய இழுப்பு அப்படியே திரும்பியது. பெட்டி முதுகில் இருந்ததால் பலகை பின்னாலிருந்து வந்தது. ஒதுங்கக்கூட நேரம் தராது. கயிறு கட்டினால் தலைக்கவசமும் போட வேண்டும் என்றார்கள். கவசம் தலைக்கு உதவும். கழுத்துக்கும் முகத்துக்கும் என்ன செய்வது? பயிற்சிப் பள்ளிகளில் பலகைக் கயிறு வேண்டாம் என்பதே பாடமாயிற்று. பலகைக்கு அடியில் நீண்ட தண்டும் கூரான இறக்கையும் கொண்ட ஃபாயில் பலகைகள் வந்தபின் அந்தப் பாடத்துக்கு எதிர்வாதமே இல்லாமல் போனது.

கயிறு விட்ட இடத்தை நிரப்பியது ஓர் உடற்பயிற்சி. பலகை இல்லாமல், வெறும் உடம்போடு, காற்று வரும் திசையை நோக்கி முன்னேறும் கலை. 2001-இல் தொடங்கிய பன்னாட்டு கைட்போர்டிங் அமைப்பான ஐ.கே.ஓ-வின் பாடத்திட்டத்தில், பலகை மேல் எழுந்து நிற்பதற்கு முன்பே இது வந்துவிடுகிறது.

பலகை காலை விட்டதும் ஆளின் கண் அதைத்தான் தேடும். ஆனால் முதலில் பட்டத்தை நிலைப்படுத்த வேண்டும். கட்டுப்பாடு இழந்த பட்டம் பலகையைவிடப் பெரிய கேடு. பிறகு கரையில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ அடையாளம் வைத்து, பலகை கிடக்கும் இடத்தை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் படுத்திருக்கும் பலகையைக் காற்று அதிகம் தள்ளுவதில்லை. அது மெல்ல நகரும். பட்டம் இழுக்கும் ஆள் அதைவிட வேகமாகப் போய்விடுகிறார். அதனால் பலகை அனேகமாக அவருக்குப் பின்னால், காற்று வரும் பக்கத்தில்தான் கிடக்கும்.

காற்று போகும் திசையைப் பார்த்து நிற்பவரின் தலைக்கு நேர் மேலே கடிகாரத்தின் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், இடப்பக்கம் போக வேண்டியவர் பட்டத்தைப் பத்தரை மணி அளவில் நிறுத்துவார். வலது கை பட்டத்தின் கைப்பிடியின் நடுவில். இடது கை தண்ணீருக்குள் நேராக நீளும். உடல் ஒருக்களித்து விறைத்து, கால்கள் சேர்ந்து நீண்டிருக்கும். பாய்மரப் படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் அதன் அடிக்கட்டை தடுப்பது எப்படியோ, அந்த வேலையை இங்கே கையும் விலாவும் செய்கின்றன. கொஞ்ச தூரம் போனபின் பட்டத்தைத் தலைக்கு மேலாக மறுபக்கம் கொண்டுபோய், கையை மாற்றி, எதிர்ப்பக்கம் சாய வேண்டும். இப்படிக் கோணல்மாணலாகத்தான் காற்றை எதிர்த்து மேலேற முடியும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறிய தூரத்தில் கொஞ்சம் பறிபோகும் என்பதால், பதற்றத்தில் அடிக்கடி திரும்புகிறவர் இருந்த இடத்திலேயே சுற்றுவார். நீண்ட ஓட்டம், குறைந்த திருப்பம் என்பது பழகியவர்களின் கணக்கு. அலைகளுக்கு நடுவில் பலகை மறைந்தால், பட்டத்தைப் பன்னிரண்டு மணிக்கு உயர்த்தினால் அது ஆளைத் தண்ணீரிலிருந்து சற்றுத் தூக்கிக் காட்டும். பலகையை நேரே குறிவைப்பதைவிட, அதற்கும் மேலே ஏறிப்போய் அதன்மேல் இறங்கி வருவது எளிது.

இந்தத் தேடலுக்கு எல்லை உண்டு. காற்று விழுந்துகொண்டிருந்தால், நீரோட்டம் கடுமையாக இருந்தால், பொழுது சாய்ந்தால், பலகையை விட்டுவிட்டுப் பட்டத்தைக் கொண்டு கரை சேர வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில், மீட்புப் படகு இல்லாமல் இறங்கவே கூடாது என்பதன் பொருள் பலகை போன பின்புதான் பலருக்கும் புரிகிறது. ராமேஸ்வரத்தில் இதைக் கண்முன்னே பார்க்கலாம். கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, பாம்பன் தீவின் தென்கரையான மன்னார் வளைகுடாப் பக்கம் கரைக்கு ஏறும்; அதே காற்று வடகரையில் பாக் விரிகுடாப் பக்கம் ஆளைக் கடலுக்குள் தள்ளும். பனிக்காலத்தில் வாடை வந்ததும் இரண்டும் இடம் மாறும். அங்கேயும் இலங்கையின் கற்பிட்டியிலும் கைட்போர்டிங் பள்ளிகள் வளர்ந்ததற்கு இந்த இரு பருவக் காற்றும், அலையடங்கிய ஆழமற்ற களப்புகளுமே காரணம். கால் தரைக்கு எட்டும் இடத்தில் தொலைந்த பலகையை நடந்தே போய் எடுக்கலாம். அந்த வசதியிலேயே கற்று முடித்தவர் ஆழக் கடலுக்குப் போனால்தான் சிக்கல்.

பலகையை விட்ட கயிறு விளையாட்டை விட்டுப் போகவில்லை. பட்டத்தின் பக்கம் மாறிக்கொண்டது. இன்றைய இடுப்புப் பட்டையில் ஒரு குட்டைக் கயிறு தொங்கும். அதன் மறுமுனை பட்டத்தின் இழைகளில் ஒன்றோடு சேரும். ஆபத்தில் கொக்கியை விடுவித்தால், மற்ற இழைகள் தளர்ந்து அந்த ஓர் இழையில் மட்டும் பட்டம் தொங்கும். காற்றைப் பிடிக்க முடியாமல் விழுந்துவிடும். கயிறு இருப்பதால் அது கரையில் நிற்பவர்கள்மேல் பறந்துபோய் மோதாது. அதற்குப் பின்னும் இழுப்பு நிற்காவிட்டால், இந்தக் கயிற்றையும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். இப்படி விடுவிக்கும் அமைப்புகள் எவ்வாறு இயங்க வேண்டும், எவ்வாறு சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு 2020-இல் ஐ.எஸ்.ஓ 21853 என்ற பன்னாட்டுத் தரநிலையே வந்தது.

கட்டப்பட்டவரின் கையாலேயே கழற்ற முடிய வேண்டும் என்ற இந்த விதி பட்டத்துக்கு மட்டும் உரியதன்று. 2021 அக்டோபரில் வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், வெள்ளம் பாய்ந்த ஆற்றில் பலகைகள்மேல் நின்றபடி துடுப்புப் போட்டுச் சென்ற குழு ஒன்று தடுப்பணையில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். கடலுக்கு ஏற்ற கணுக்கால் கயிறு பாயும் ஆற்றில் கண்ணியாகலாம்; அங்கே இடுப்பில் கட்டி, நொடியில் கழற்றும் கயிறுதான் வேண்டும் என்பது அதன்பின் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. கயிறு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. மறுமுனையில் இழுப்பது எது, அது எப்போது ஓயும், ஓயாவிட்டால் கை எட்டுமா என்று கேட்க வேண்டும்.

கயிறில்லாத பலகைகள் சில சமயம் திரும்புவதே இல்லை. பிரிட்டனில் ஆளில்லாப் பலகை ஒன்று மிதப்பதாகத் தகவல் வந்தால், ஒருவர் கடலில் தத்தளிக்கிறார் என்று வைத்துக்கொண்டே கடலோரக் காவல்படை தேடத் தொடங்கும். உரியவர் வீட்டில் பத்திரமாக இருக்க, படகுகள் இருட்டும்வரை அலையும். அதனால் பலகையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள், தொலைத்தால் உடனே தெரிவியுங்கள் என்று அங்கே வற்புறுத்துகிறார்கள். எழுத்து எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. 2018 பிப்ரவரியில் ஹவாயின் வைமியா விரிகுடாவில் ஒருவர் இழந்த சர்ஃபிங் பலகை, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் தாண்டித் தென் பிலிப்பைன்ஸின் சராங்கானியில் 2020-இல் ஒரு பள்ளி ஆசிரியரிடம் இருந்தது தெரியவந்தது. நிறம் வெளுத்திருந்தது, பலகையைச் செய்தவரின் பெயர் மட்டும் அதில் அழியாமல் இருந்தது. அந்தப் பெயரை இணையத்தில் தேடித்தான் உரியவரைக் கண்டுபிடித்தார்கள். பலகையைக் கையோடு வைத்திருக்கும் வேலையைக் கயிற்றிடமிருந்து நீந்தும் உடம்பு வாங்கிக்கொண்டது. அதுவும் முடியாத நாளில், அழியாத மையில் எழுதிய பத்து இலக்கங்கள் மீட்புப் படகை வீணாக அலையவிடாமல் கரையில் நிறுத்தும்.